ஐந்து வரை

கப்தில் விடியற்காலை நாலரை.
கூரைத் தொட்டி இரவெல்லாம் வெந்ததில்
குழாயைத் திறந்தால் தேநீர்ச் சூடு.
அதனால் துவாலையை
நேற்றே நனைத்துப் பிழிந்து
முதலாளியின் பேரீச்சம்பழ டப்பாவுக்கும்
தடுப்பூசிக் குப்பிகளுக்கும் நடுவே
ஃப்ரிட்ஜில் மடித்து வைத்திருக்கிறேன்.

ஷிஹானா தலை தூக்குகிறாள்.
கையை முகர்ந்து
சிகரெட் இல்லை, வேறு நாய் இல்லை என்று தெரிந்தபின்
பின்னங்காலைக் கொஞ்சம் நகர்த்துகிறாள்.
அவ்வளவுதான் அனுமதி.

ஏழு சலூக்கிக் குட்டிகள். மூன்றாம் நாள்.
கண் திறக்கவில்லை, காதும் திறக்கவில்லை.
கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் கம்பளி நூல்.
பதினாறாம் நாள் வரை, தினம் ஒரே முறை என்று
டாக்டர் லுப்னா சுவரில் அரபியில் எழுதி
எனக்காகக் கீழே படமும் போட்டிருக்கிறார்.
சூடான்காரர். அவர் வரையும் நாய்
ஒட்டகம் மாதிரி இருக்கும்.

பஞ்சுக்குச்சியால் விரலிடுக்கில் கூச்சம் காட்டு.
தலை மேலே வரத் தூக்கிப் பிடி.
தலை கீழே வரத் திருப்பு.
உள்ளங்கையில் மல்லாக்கப் போடு.
கடைசியாகக் குளிர்ந்த ஈரத் துணி.
ஒவ்வொன்றுக்கும் மூன்று வினாடி, போனால் ஐந்து.
"ஆறு கூடாது" என்றார்.
"கொஞ்சம் கஷ்டம் உரம்.
அதற்கு மேல் வெறும் கஷ்டம்."

கடிகாரம் பார்க்கக் கை ஏது?
வாய்விட்டு எண்ணுகிறேன்,
காதில்லாத ஏழு பேருக்கு
ஒண்ணு, ரெண்டு, மூணு.

ஷுவைபாவில் குழாய் பொருத்திய கோடையில்
எனக்கு எவனும் எண்ணவில்லை.
"பழகிடும்" என்றான் மேஸ்திரி மாசிலா.
பழகியவன்போல் நடந்துகொள்ளப் பழகினேன்.
அது வேறு விஷயம்.

ஆறு குட்டிகள் தலைகீழானதும் நெளியும்,
காற்றில் நீந்தும், எலிக்குரலில் வையும்.
சாம்பல் நூல்காரி மட்டும்
ஈரச் சாக்ஸ்போலத் தொங்கினாள்.
எடை இருநூற்றுத் தொண்ணூறு.
அழாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.
ரெண்டிலேயே இறக்கித்
தாயின் மடிக்காம்பில் விட்டேன்.
பட்டியலில் '2' என்றே எழுதினேன்.

அபூ மிஷாரி பார்த்துவிட்டார்.
அஹ்மதிக்காரர் முன்பணம் தந்திருக்கிறார்,
ஏழுக்கும் ஒரே கணக்கு,
உனக்கு எண்ணத் தெரியாதா?
தெரியும், ஸார்.
அன்று மாலை டாக்டர் வந்தார்.
தாளை நெடுநேரம் பார்த்தார்.
ஒன்றும் பேசாமல் அடுத்த நான்கு நாள் கட்டத்திலும்
தன் பச்சைப் பேனாவால்
2, 2, 2, 2.

பன்னிரண்டாம் நாள் மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இருமி நின்றது.
டெக் பகதூர் ஐஸ் தேடி வண்டியை விரட்டினான்.
துவாலை என் உடம்புச் சூட்டுக்கு வந்துவிட,
கஷ்டமென்று வைத்த துணியில்
ஏழும் வரிசையாகப் படுத்துத் தூங்கின.
எழுப்பவில்லை.
கட்டத்தில் என்ன போடுவது?
ஒரு கோடு போட்டேன்.

பதினைந்தாம் நாள், கண்ணில் நீலப் புகை.
"மூணு" என்றேன் வழக்கம்போல்.
சாம்பல் நூல் தலையைத் திருப்பியது.
என்னை அல்ல,
அந்தச் சத்தம் வந்த இடத்தை.
ஷிஹானாவும் பார்த்தாள்.

இனி அவளை அரபியில் கூப்பிடுவார்கள்.
ஏதோ ஒரு காற்றின் பெயர் வைப்பார்கள்,
மான் பொம்மைக்குப் பின்னால் ஓட விடுவார்கள்.
அது அவர்கள் பாடு.

பதினாறு. கடைசிக் கட்டம்.
அறுநூற்றுப் பத்து கிராம்.
தலைகீழாகப் பிடித்தேன்.
ஒண்ணு.
ரெண்டு.
மூணு முடிவதற்குள்
முறுக்கி, உதைத்து, கூரை கிழியக் கத்தி
என் மணிக்கட்டில் சூடாக
ஒண்ணுக்குப் போனாள்.
நாலு சொல்ல வாய் வரவில்லை.
சிரிப்பில் எண்ணிக்கை தப்பிப்போனது.